போல்ட் ரொக்கோவின் வீட்டில்

ஜூன் 8, ஞாயிறு

மூன்றாம் வரிசையில் பதினொரு பாதாம் கன்றுகளின் பட்டை போய்விட்டது. முயல். பட்டையைச் சுற்றிவர உரித்தால் வேருக்குச் சாப்பாடு போகும் வழி அறுந்துவிடும். மரம் உடனே சாகாது, பச்சையாய் நின்று நின்று சாகும்.

வேர்னியர் அளவுகோலைக் கொண்டுபோய்ப் பல் தடத்தின் அகலத்தை அளந்தேன். அத்தான் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, முயலுக்குச் சட்டை தைக்கப் போறியோ?"

அவ்வளவுதான் பகிடி. பிறகு ஒவ்வொரு கன்றாகக் குந்தியிருந்து, உரிந்த இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டு போனார். காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

இந்தக் காணி அத்தானுடையது; அவரோடும் அக்காவோடும்தான் நானும் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவில், கிரிபித்துக்கு வெளியே, வாய்க்கால் கரையில். பழைய திராட்சைக் கொடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு இந்த வருடம்தான் பாதாம் வைத்தார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் தானாகத் தொடங்கிய முதல் வேலை இது. காலையில் எழும்புவதற்கு அவருக்கு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று டொக்டர் என் அக்காவிடம் சொல்லியிருந்தார். இருந்தது. அதைத்தான் முயல் தின்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

கன்றுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டோம். பாதி காற்றில் பறந்து வாய்க்காலில். மீதியை முயல் எழும்பி நின்று, உறைக்கு மேலால் தின்றிருக்கிறது.

ஜூன் 14, சனி

வழிகளைப் பார்த்தேன். வலை வேலி: அடிப்பவர் செப்டம்பருக்கு முன் வரமாட்டாராம். நஞ்சு: பக்கத்துக் காணிக்கார ரொக்கோவின் நாய் எங்கள் வளவில்தான் பாதி நாள் கிடக்கிறது. பொறி: வைத்தோம், அதில் ரொக்கோவின் நாய் விழுந்தது. அடி இல்லை, ஆனால் ரொக்கோ இரண்டு நாள் கதைக்கவில்லை.

மிஞ்சுவது துவக்கு. முயல் சுட ரொக்கோவுக்கு இனி ஏலாது, ஒப்பரேஷன் செய்து இடுப்பு மூட்டு மாற்றியிருக்கிறார். என்னிடம் லைசன்ஸ் இருக்கிறது. வேலையிடத்துக் கூட்டாளிகளோடு கிளப்பில் கடதாசி இலக்குச் சுடுவதற்காகப் போன வருடம் எடுத்தது. இதுவரை கிளப் துவக்குத்தான் இரவல்.

இதைக் குசினியில் அக்காவிடம் சொன்னேன். புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமலே என்னைப் பார்த்தாள்.

"துவக்கோ? உனக்கென்ன விசரே?"

"முயலுக்கு."

"இந்த வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டு மறந்துபோனியோ?"

"இல்லை."

"பேந்தென்ன?"

"பேந்தென்ன எண்டால், மரம் முழுக்கப் போச்சுதெண்டால் என்ன நடக்கும்? அதையும் சொல்லன்."

 மாவைத் திரும்பவும் குழைத்தாள். அது ஏற்கனவே குழைந்திருந்தது.

அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கு ஊர்ச் சனத்திடம் "பிரஷர்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். பிரஷர் இல்லை. போன வருடம் அத்தான் சாகப் பார்த்தவர். கண்டது நான். அதற்கு மேல் அதைப்பற்றி இதில் எழுதப் போவதில்லை.

ஆக, கணக்கு இதுதான்: துவக்கு வராவிட்டால் மரம் போகும். மரம் போனால் அத்தானுக்குக் கூடாது. துவக்கு வந்தாலும் அத்தானுக்குக் கூடாது. இந்த மாதிரிச் சமன்பாட்டை வேலையிடத்தில் யாராவது கொண்டுவந்தால், போய்க் கேள்வியைத் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவேன்.

ஜூன் 21, சனி

கிளப். மூன்று துவக்கு சுட்டுப் பார்த்தேன். கிளப்பில் பயிற்சி கொடுப்பதும் ஊரில் துவக்குக் கடை வைத்திருப்பதும் ஒரே ஆள்தான், ஹெதர். அறுபது வயது இருக்கும், குளிருக்கும் அரைக்காற்சட்டைதான்.

துல்லியம் என்றால் குண்டு இலக்கின் நடுவில் படுவது என்று சனம் நினைக்கிறது. அது இல்லை. ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும், அதுதான் துல்லியம். அந்த இடம் பிழை என்றால் தூரக்கண்ணாடியின் திருகைத் திருப்பிச் சரியாக்கலாம். ஐந்தும் ஐந்து இடத்தில் விழுந்தால் எந்தத் திருகாலும் ஒன்றும் செய்ய ஏலாது. வைன் தொழிற்சாலையில் தராசு, வெப்பமானி எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் பார்க்கிறேன். பிழையான கருவியைத் திருத்தலாம். நாளுக்கு நாள் மாறுகிற கருவியைத் திருத்த முடியாது.

அதனால்தான் போல்ட் துவக்கு. சுடும்போது உள்ளே அசைவது குறைவு. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை, குழலின் பின்வாயை அடைக்கிற இரும்புத் தண்டை, இழுத்துத் தள்ளிப் பூட்ட வேண்டும். பூட்டினால் இறுகி நிற்கும். மூன்றில் இரண்டு சாதாரணம். மூன்றாவது இருநூற்று இருபத்துமூன்று என்கிற வேகமான குண்டு போடுவது, தடித்த குழல். நூறு மீட்டரில் ஐந்து ஓட்டையையும் ஒரு இருபது சத நாணயக் குற்றியால் மூடலாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சந்தோசத்தில்.

"இதுதான் வேணும்," என்றேன்.

ஹெதர் கேட்டார், "உன் முயலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?"

"மண்."

"மண்ணுக்குப் பின்னால்?"

வாய்க்கால். ரொக்கோவின் வீடு. தெரு.

"இந்தக் குண்டு முயலைத் தாண்டி ரொக்கோவின் சாப்பாட்டு மேசை வரை போகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருடைய சொந்தக்காரர் எல்லாரும் அங்கே இருப்பார்கள். சின்னதாகப் பார்."

எரிச்சல் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூட.

ஜூலை 2, புதன்

பின்னேரம் தெருவில் ஒரு பழைய ட்ரக் படீரென்று வெடித்துக்கொண்டு போனது. புகைக்குழாய்தான். நான் தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து பீப் பீப் என்ற சத்தம். ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தால் அப்படிக் கத்தும். போய்ப் பார்த்தால் அத்தான் கதவைப் பிடித்தபடி நிற்கிறார். கையில் பால் போத்தல். கண் உள்ளே இருக்கிற கத்தரிக்காயைப் பார்க்கிறது, ஆனால் கத்தரிக்காயைப் பார்க்கவில்லை. வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் அப்போது கொழும்பில் பள்ளிக்கூடத்தில். அவர் அதைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"அத்தான், பாலைத் தாங்கோ. தேத்தண்ணி போடுவம்."

தந்தார். நான் கதவைச் சாத்தினேன். சத்தம் நின்றது.

சத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவ்வளவு நாளும் சேர்க்காதது என் பிழை.

ஜூலை 5, சனி

இப்போது மூன்று நிபந்தனை.

ஒரே குண்டில் முயல் சாக வேண்டும். காயப்பட்ட முயல் குழந்தை மாதிரிக் கத்தும் என்று ரொக்கோ சொன்னார். அது வீட்டுக்குக் கேட்கக்கூடாது.

சுடும் சத்தமும் வீட்டுக்குக் கேட்கக்கூடாது.

துவக்கு இருந்தும் இல்லாதது போல இருக்க வேண்டும். இதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

இரண்டாவதற்கு ஒரு விடை இருக்கிறது. மிகச் சின்னக் குண்டு போடுகிற இருபத்திரண்டு. அதிலும் மெதுவான குண்டு, ஒலியைவிட வேகம் குறைந்தது. சாட்டை அடித்த மாதிரி வெடிக்காது. கனமான புத்தகத்தை மேசையில் போட்ட மாதிரி ஒரு சத்தம்தான். ஆனால் ஐம்பது அறுபது மீட்டருக்குள் போக வேண்டும். ஹெதரிடம் சொன்னேன், அவ்வளவு கிட்டப் போகப் பொறுமை வேண்டுமே என்று.

"ஓம், வேண்டும்," என்றார். "அது கடையில் இல்லை."

துவக்கு வாங்கும் அனுமதி கேட்டுப் பொலிசுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அக்காவுக்குச் சொல்லவில்லை. அத்தானுக்கு நிச்சயமாகச் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

இன்னும் ஏழு கன்றின் பட்டை போனது. இரவுச் சாப்பாட்டில் அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அக்கா பருப்பை அவர் கோப்பையில் இரண்டு தரம் போட்டாள், மறந்துபோய்.

ஜூலை 17, வியாழன்

கிளினிக். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவது. அத்தானுக்கு இங்கிலிஷ் விளங்கும், ஆனால் கதைக்கமாட்டார். நான் நடுவில் இருந்து மாற்றிச் சொல்வேன். அக்கா மற்றப் பக்கம்.

டொக்டர் வழமையான கேள்விகளைக் கேட்டார். நித்திரை. சாப்பாடு. மாத்திரை. நான் அங்குமிங்கும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார்:

"வீட்டில் துவக்கு ஏதும் இருக்கிறதா?"

காணி வைத்திருக்கிற எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். நான் வாயைத் திறந்தேன்.  அக்கா கைப்பையின் சிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"இன்னும் இல்லை," என்றார் அத்தான். இங்கிலிஷில். "அடுத்த மாதம். இவன் வாங்குகிறான்."

டொக்டர் கணினியிலிருந்து திரும்பினார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இதில் எழுத ஏலாது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"துவக்குப் புத்தகத்தைக் கக்கூசுக்கை வைச்சிட்டு வந்தது ஆர்? நானோ? பக்கத்துக்குப் பக்கம் பென்சிலாலை கணக்கு வேறை, பொலிசுக்குப் போட்ட விண்ணப்பத்தின்ரை திகதி வேறை. அந்தச் செக் நாட்டுத் துவக்குக்கு ஏன் நட்சத்திரம் போட்டனி?"

"டேய், நீ எனக்குச் சொல்லாமலே—" அக்கா தொடங்கினாள்.

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் என்னைக் கேட்டார்.

"கழிப்பறையைப் பற்றி," என்றேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையை அத்தான் பக்கம் இழுத்துக்கொண்டு வந்து அவரிடமே நேராகக் கேட்டார்: துவக்கு வீட்டுக்கு வருவதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார். மெதுவாக.

"நல்ல நாளிலை எனக்கு ஒரு பிரச்சினையுமில்லை. கூடாத நாள் எண்டு ஒண்டு வரும். அண்டைக்கு நான் நானா இருக்கமாட்டன். அண்டைக்கு எனக்குக் கையெட்டுற தூரத்திலை ஒண்டும் இருக்கக்கூடாது. ஆனால் மரமும் வேணும் எனக்கு. உதை வடிவாச் சொல்லு. நீ மழுப்பாதை."

நான் சொன்னேன். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. "நீ மழுப்பாதை" என்றதையும் சேர்த்துத்தான் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

டொக்டர் அதை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டார். பிறகு, துவக்கே இல்லாத வீடுதான் நல்லது என்றார். இருந்துதான் ஆக வேண்டும் என்றால் அது முழுசாக ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. பகுதியைப் பிரித்து வேறு ஒரு வீட்டில், வேறு ஒருவருடைய பூட்டில். பிறகு இன்னொன்று கேட்டார்.

"அந்தக் கூடாத நாள் வந்தால், யாரிடம் சொல்வீர்கள்?"

அத்தான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். "போவமே?" என்று எழும்பினார்.

 திரும்பி வரும்போது ரவுண்டபவுட்டில் அத்தான், "மீன் பொரியல் கடை திறந்திருக்கு," என்றார். மூன்று பேரும் காருக்குள் இருந்து உருளைக்கிழங்குப் பொரியல் தின்றோம். அக்கா அழுதுகொண்டே தின்றாள். அத்தான் வினிகர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து அவளுக்குக் கொடுத்தார்.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. "தேத்தண்ணி அடுப்பிலை கிடக்கு," என்று சுவருக்குச் சொல்கிறாள்.

ஜூலை 27, ஞாயிறு

பெரிய சண்டை. அக்கா தொடங்கினாள், நான் கத்தினேன், அத்தான் முடித்தார்.

அக்கா: "முயல் எல்லா மரத்தையும் திண்டாலும் பரவாயில்லை. எனக்கு நீங்கள் வேணும்."

அத்தான்: "இஞ்சார், நான் குளிக்கப் போனால் நீ கதவுக்கு வெளியிலை நிக்கிறாய். இவன் இரவிலை மூண்டு தரம் எழும்பித் தண்ணி குடிக்கிறான், தாகம் எண்டு. எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ? நான் ஒண்டும் கோவிக்கேல்லை. நில்லுங்கோ. ஆனால் எனக்கும் ஒரு வேலை தாங்கோ. இந்த மரத்தை நான்தான் வைச்சனான். இதைக் காப்பாத்திறதிலை எனக்கும் பங்கு வேணும்."

அக்கா தலையணை உறையை மடித்தாள், விரித்தாள், மடித்தாள்.

"அப்ப அந்தப் பகுதி எங்கை இருக்கிறது?" என்றாள் கடைசியில். கிளினிக்குக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் வசனம்.

"போல்ட்டைக் கழட்டி எடுத்தால் மிச்சம் வெறும் இரும்புக் குழாய்," என்றேன். "அதைத் தடியா ஊண்டத்தான் ஏலும். போல்ட்டும் குண்டும் ரொக்கோவின்ரை பூட்டுப் பெட்டியிலை. அவருக்கும் லைசன்ஸ் இருக்கு. அவரின்ரை பெட்டியிலை இன்னொரு துவக்குக்கு இடமில்லை, போல்ட்டுக்கு இருக்கு. கேட்டிட்டன்."

"பெட்டித் திறப்பு?"

"அவரின்ரை கழுத்திலை. சங்கிலியோடை, மாதாவின்ரை படத்துக்குப் பக்கத்திலை."

அக்கா முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள். அத்தானும். "மாதாவே காவல் எண்டால் சரிதான்," என்றார்.

ஆகஸ்ட் 16, சனி

அனுமதி வந்தது. ஹெதரின் கடை. அத்தானும் வந்தார், அக்காவும். அக்கா கடைக்குள் வரமாட்டேன் என்று வாசலில் நின்றாள்; பிறகு குளிர் என்று உள்ளே வந்தாள்.

கடைசியில் இரண்டு துவக்கு. செக் நாட்டது, நான் நட்சத்திரம் போட்டது: ஐம்பது மீட்டரில் ஐந்து குண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டை. சுடும் விசை கண்ணாடி உடைகிற மாதிரிச் சுத்தமாக விடும். ஆனால் போல்ட்டைக் கழற்ற விசையை இழுத்துப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். மற்றது பின்லாந்துக்காரனுடையது: ஐந்து குண்டும் ஒரு சிறுவிரல் நகத்துக்குள். பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான், அமத்தினால் போல்ட் தானாக வழுக்கிக் கையில் வந்துவிடும்.

ஒரு மாதத்துக்கு முன் என்னை யாராவது கேட்டிருந்தால், நல்லதைவிட்டு இரண்டாவதை வாங்குகிறவனை முட்டாள் என்று சொல்லியிருப்பேன். முயலின் தலைக்கு நகத்தளவு துல்லியம் போதும். வீட்டில், அத்தானின் கண் முன்னால், ஒவ்வொரு நாளும் விசையில் விரல் வைத்துத்தான் கழற்ற வேண்டும் என்றால் அது சரிவராது.

"பின்லாந்து," என்றேன்.

ஹெதர் செக் துவக்கைப் பார்த்தார். ஏன் என்று கேட்க வாய் எடுத்தார். அத்தான்தான் சொன்னார், தன் உடைந்த இங்கிலிஷில், கடையில் இன்னும் இரண்டு பேர் நிற்கும்போது:

"போன வருடம் எனக்கு மனம் சரியில்லை. இந்தப் போல்ட் என் வீட்டில் இருக்காது. அதனால் அது."

நான் தரையைப் பார்த்தேன். பிரஷர் என்று சொல்லாமல் அவர் வெளியில் சொன்னது இதுதான் முதல் தடவை, அதுவும் யாரோ ஒரு கடையில்.  ஹெதர் பொத்தானை அமத்திப் போல்ட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். போல்ட் இல்லாத துவக்கைத் துணியால் ஒருமுறை துடைத்து அத்தானிடம் நீட்டினார்.

"கார் வரைக்கும் நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள்," என்றார்.

அத்தான் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். அக்கா கதவைத் திறந்து பிடித்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ரொக்கோவிடம் போல்ட் எடுக்கப் போனால் சும்மா விடமாட்டார். ஒரு கோப்பி குடிக்க வேண்டும், இடுப்பைப் பற்றிக் கேட்க வேண்டும், நாய் மன்னித்துவிட்டதா என்று நாயிடமே கேட்க வேண்டும். திரும்பக் கொடுக்கப் போனால் இன்னொரு கோப்பி. வெளிச்சம் போய்விட்டது. ஒரு முயலும் சுடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சுடவில்லை. தவழ்ந்து போனேன், எண்பது மீட்டரில் ஓடிவிட்டன.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுபது.

ஆகஸ்ட் 23, சனி

அத்தான் சொன்னார்: "நீ முயலிட்டைப் போகாதை. நீ இரு, அது வரும். நான் ஒவ்வொரு நாளும் காலமை பாக்கிறனான், எந்தப் பக்கத்தாலை வருது, எங்கை நிண்டு மணக்குது எண்டு. வா."

கேட்டுப் போனேன். வாய்க்கால் அணைக்கட்டுக்குக் கீழே, முதுகுக்குப் பின்னால் எங்கள் வீடு, முன்னால் முயலுக்குப் பின்னே மண்மேடு. ரொக்கோவின் சாப்பாட்டு மேசை பாதுகாப்பாகப் பக்கவாட்டில். நான் குப்புறப் படுத்தேன். அத்தான் பக்கத்தில் பைனாகுலரோடு. சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. புல்லு ஈரம் வயிற்றுக்குள் ஏறியது. எனக்குக் கால் குத்தியது, மூக்கு கடித்தது, கைக்கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பினேன்.

"ஆடாதை," என்றார் அத்தான். "பத்து வயசுப் பிள்ளையும் உன்னைவிட இருக்கும்."

படுத்திருந்தேன். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒரே சீராக, என் மூச்சைவிடச் சீராக. கொஞ்ச நேரத்தில் என் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. அதை நான் செய்யவில்லை, தானாக நடந்தது.

வந்தது. மண்மேட்டருகில், காது முன்னும் பின்னும் திரும்ப. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையைத் தொட்டேன். புத்தகம் மேசையில் விழுந்த சத்தம். முயல் நின்ற இடத்திலேயே சரிந்தது.

நான் அத்தானைப் பார்த்தேன், முயலைப் பார்க்கவில்லை. அவர் பைனாகுலரை இறக்கினார்.  எழும்பிப் போய், குந்தியிருந்து, அதன் தலையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நொந்திருக்காது," என்றார்.

முயலைக் குசினி வாசலுக்குக் கொண்டுபோனோம். "என்ரை சட்டிக்கை உது வராது, சொல்லிப்போட்டன்," என்று அக்கா கரண்டியைக் காட்டினாள். ரொக்கோவிடம் கொடுத்தோம். போல்ட்டையும் கொடுத்தோம். இரண்டுக்குமாக ஒரு கோப்பி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இந்தக் கிழமை ஐந்து முயல். புதிதாக ஒரு கன்றிலும் பல் தடம் இல்லை. உரிந்ததில் சிலவற்றுக்கு அத்தான் கொப்பு வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார், உரிந்த இடத்துக்குக் கீழும் மேலும் பாலம் மாதிரி. பிடிக்குமோ தெரியாது என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

ஒட்டுப் போட்ட கன்றொன்றில் முதல் தளிர். கடுகளவு. அத்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் வேலைக்குப் பிந்திப் போனேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைக்குத் தொழிற்சாலையில் ஆடிட். வருடத்தில் ஒருமுறை வெளியாட்கள் வந்து என் கருவிகள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆறு மாதமாக அதற்குத்தான் ஆயத்தம்.

விடிய, சேர்ட் போட்டுக்கொண்டிருந்தேன். கதவில் தட்டுச் சத்தம். அத்தான். சாறத்தோடு, வெறுங்காலோடு. அக்கா ஏற்கனவே பழம் பெட்டியில் அடைக்கும் கொட்டகை வேலைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"தம்பி. இண்டைக்கு வேலைக்குப் போகாதை."

"அத்தான், இண்டைக்கு ஆடிட்."

"ஓம். தெரியும்." பிறகு, "இண்டைக்குக் கூடாத நாள்," என்றார்.

நேர்மையாக எழுதுகிறேன்: முதலில் எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கா, எல்லா நாளும் விட்டு இன்றைக்கா என்று. அரை நிமிடம்கூட இருக்காது. பிறகு, அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்து என் கதவைத் தட்டியிருக்கிறார் என்று விளங்கியது. அவருடைய அறை எனக்கு அடுத்த அறைதான்.

மனேஜருக்குப் போன் எடுத்தேன். வீட்டில் சுகமில்லை, வரமுடியாது என்றேன். ஆடிட்டை என்ன செய்வது என்றார். நீங்களே காட்டுங்கள், எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்கிறது என்றேன். அவர் ஏதோ சொன்னார். போனை வைத்தேன். கிளினிக்குக்கும் எடுத்தேன், நான் மாற்றிச் சொல்ல டொக்டர் அத்தானோடு போனில் கதைத்தார், நாளைக்குப் பின்னேரம் வரச் சொன்னார். அக்காவுக்கும் சொன்னேன். பின்னேரம் வேளைக்கே வருகிறேன் என்றாள். அழவில்லை.

அத்தான் என் கட்டிலில் படுத்தார். நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன்.  அவர் என் சேர்ட்டின் விளிம்பைப் பிடித்தார், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி, சும்மா. பிடித்தபடி நித்திரையாகிப் போனார். இரவு முழுக்க அவர் கண் மூடவில்லைப் போல.

மத்தியானம் கழிந்து வானம் இருண்டது. அந்த மந்தாரத்தில் முயல்கள் வேளைக்கே வந்துவிட்டன. என் யன்னலால் இரண்டாம் வரிசை நேராகத் தெரியும். முதலில் ஒன்று, பிறகு இரண்டு. தளிர் விட்ட கன்றுகளில் ஒன்றின் அடியில் எழும்பி நின்றது. ஐம்பத்தைந்து மீட்டர், கூடினால் அறுபது. காற்றில்லை. பின்னால் மண்மேடு. இதைவிட நல்ல சந்தர்ப்பம் துவக்கு வாங்கிய பிறகு வரவில்லை. போல்ட் ரொக்கோவின் வீட்டில். வாய்க்காலைத் தாண்டிப் போய், கோப்பியை மறுத்துவிட்டுத் திரும்பினால் பத்து நிமிடம்.

முயல் தின்றது. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அத்தானின் விரல் மடிந்த இடத்தில் சேர்ட் கசங்கியிருந்தது.

நாலரை மணிபோல அவர் கண்ணைத் திறந்தார். யன்னல் பக்கம் பார்த்தார்.

"வந்ததோ?"

"ஓம்."

"எத்தினை?"

"மூண்டு."

"திண்டதோ?"

"தளிர் வந்ததிலை ரெண்டு போச்சு."

அவர் யோசித்தார். "சத்தமில்லாத துவக்குத்தானே. நான் எழும்பியிருக்கமாட்டன். போய்ச் சுட்டிருக்கலாமே."

"எழும்பினால் சேர்ட்டை இழுக்கவேணும். நீங்கள் பிடிச்சுக்கொண்டு கிடந்தியள்."

அத்தான் தன் கையைப் பார்த்தார், இப்போதுதான் காண்கிற மாதிரி. விடவில்லை.

வெளியில் அக்காவின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு வேலைக்குப் போறியோ?" என்றார்.

"காலமை தட்டிச் சொல்லுங்கோ," என்றேன்.